தடை முடிந்த காலை

எழுநூற்று முப்பது நாட்கள். அவன்மேல் போட்டிருந்த தடை முந்தின நாளோடு முடிந்திருந்தது.

இருந்தாலும் அவன் மனைவி வழக்கம்போல் ஐந்தேகாலுக்கே எழுந்து, கீழே போய் ஸ்கூட்டருக்குக் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். தடையில் இருக்கும் சைக்கிள் வீரன் அணியோடு சேர்ந்து பயிற்சி செய்யக் கூடாது. அணியின் பயிற்சியாளரும் உதவக் கூடாது. அதனால் ஆய்வக வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடமாக அவள்தான் முன்னால் ஸ்கூட்டர் ஓட்டினாள். எதிர்க்காற்றை அவள் வாங்கிக்கொள்ள, பின்சக்கரத்துக்கு இரண்டு சாண் தள்ளி அவன் மிதித்துக்கொண்டு வருவான். வேகம் காட்டும் முள் நாற்பத்தைந்தை விட்டு அசையக் கூடாது. ஆற்றோரச் சாலையில் போக இருபது கிலோமீட்டர், வர இருபது.

அந்த நேரத்தில் அவன் அவளிடம் பேசுவது மூன்றே சொற்கள். "ஏத்து." "குறை." "போதும்." வீட்டுக்குள் அதுவும் கிடையாது.

இன்று பயிற்சி இல்லை. ஒன்பது மணிக்கு அணியின் மேலாளர் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்.

"இன்னைக்காவது மூஞ்சிய உம்முனு வச்சுக்காம இரு. நல்ல சேதி வர்ற நாளு" என்றார் மாமியார்.

"சரி அத்தை."

நான்காவது மாடியில் குடியிருக்கும் அவனுடைய அக்கா, ஈரத் தலையில் துண்டோடு வந்து உட்கார்ந்தாள். "என்னம்மா, நம்ம பம்பரம் சுத்தத் தயாரா?"

சைக்கிள் பந்தய வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி வருவதால் சக வீரர்கள் அவனுக்கு வைத்த பெயர் அது.

"பம்பரம் தயார்தான்டி. கயித்தை அறுத்த மகராசிதான் காபி போட்டுக்கிட்டு நிக்கறாளே!" என்றார் மாமியார்.

அக்கா சிரித்தாள். அடுப்பருகே நின்றவள் பாலை இறக்கி வைத்தாள்.

ஒன்பது மணி ஆகி நான்கு நிமிடம் கழித்து போன் வந்தது. அவன் உள்ளறைக்குப் போனான். கதவைச் சாத்தவில்லை. அவன் குரல் மட்டும் கேட்டது.

"சார்... வணக்கம் சார்... ஆமா சார், நேத்தோட முடிஞ்சிடுச்சு... இல்ல சார், உடம்பு நல்லாத்தான் இருக்கு. நாலு கிலோமீட்டரை நாலு நிமிஷம் பதினெட்டுல முடிக்கறேன்... ஓ... புதுசா எடுத்தவருக்கு என்ன வயசு சார்? ...பத்தொன்பதா..."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"சரி சார். பரவாயில்ல சார்."

வெளியே வந்தவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"முப்பத்தஞ்சு வயசுக்காரனுக்கு இடம் இல்லையாம், அம்மா. ரெண்டு வருஷம் முன்னாடின்னா யோசிச்சிருப்பாங்களாம்."

"ஐயோ... என் ராசா!" மாமியார் நெஞ்சில் கை வைத்தார்.

"வேற அணி ஏதாவது..." என்று அவள் மெல்லத் தொடங்கினாள்.

"நீ பேசாத!" அவன் கத்தினான். இரண்டு வருடத்தில் அவள் முகத்தைப் பார்த்து அவன் சொன்ன முதல் வார்த்தை. "நீ மட்டும் பேசாத! உன் முதுகைப் பார்த்துப் பார்த்தே ரெண்டு வருஷம் மிதிச்சேன். தினமும் அந்த முதுகுகிட்ட ஒரே கேள்வியத்தான் கேட்டேன்... ஏன்டி அப்படிப் பண்ணின? மருந்தைக் கையால தொட்டதில்லடி நான்... ஏன் பண்ணின?"

அவளிடம் பதில் இருந்தது. சொல்ல முடியாத பதில்.

ஊக்கமருந்து சோதிப்பவர்கள் சொல்லாமல் வருவார்கள். தினமும் எந்த ஒரு மணி நேரம், எந்த இடத்தில் இருப்பேன் என்று வீரன் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். அந்த நேரத்தில் ஆள் கிடைக்காவிட்டால் ஒரு தவறு. பன்னிரண்டு மாதத்தில் மூன்று தவறு என்றால் இரண்டு வருடத் தடை. முதல் இரண்டு தவறும் அவனுடையவை: ஒருமுறை ரயிலைத் தவறவிட்டான், ஒருமுறை ஊர் மாறியதை எழுத மறந்தான்.

மூன்றாவது, இந்த வீட்டில் நடந்தது. சாலைப் போட்டியில் விழுந்து, இடுப்பில் தோல் உரிந்து வந்திருந்தான். மூன்று நாளாகத் தூக்கமில்லை. அவனுக்குக் கட்டு மாற்றிவிட்டு அவளும் அசந்து தூங்கிவிட்டாள். ஆறிலிருந்து ஏழு அவன் எழுதிக் கொடுத்த நேரம். பூட்டியிருந்த கீழ்வாசலில் நின்று சோதிப்பவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆறாவது மாடியில் அது ஒலிக்கவே இல்லை. ஏழேகாலுக்கு அவள் எழுந்து வந்தபோது, சுவரில் மாட்டியிருக்க வேண்டிய இன்டர்காம் ரிசீவர் முக்காலியில் ஒரு துண்டின்மேல் கவிழ்ந்து கிடந்தது.

மாமியார் அதை எடுத்து வைத்திருந்தார். அந்த நேரத்தில் தண்ணீர் கேன்காரர்தான் மணி அடிப்பார், பிள்ளை தூங்கட்டும் என்று நினைத்திருந்தார். மாமியாருக்கு இதய அறுவைசிகிச்சை முடிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

மூன்றாவது தவறு என்று வந்த கடிதத்தைப் படித்த அன்று அவன் கத்தினான். "எவ எடுத்து வச்சா? யாரா இருந்தாலும் சரி... சாகற வரைக்கும் அந்த மூஞ்சில முழிக்க மாட்டேன்!" மாமியாரின் உதடு நீலம் பாரித்தது. "நான்தாங்க" என்று அவள் சொல்லிவிட்டாள்.

அன்று சமையலறையில் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ரெண்டு நாள் போகட்டும்மா... அவன் கோவம் தணியட்டும். நானே சொல்லிடறேன்."

இரண்டு நாள் இரண்டு வருடமானது. முதலில் மகன் முன்னால் ஒப்புக்குத் திட்டினார். பிறகு அவன் இல்லாதபோதும் திட்டினார். திட்டித் திட்டி, அதுதான் உண்மை என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டாரோ என்று அவளுக்குச் சில நாள் தோன்றும்.

"உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு" என்றான் அவன். இப்போது கத்தவில்லை. "உன்னைப் பார்க்கற ஒவ்வொரு நிமிஷமும் எனக்கு அது ஞாபகம் வருது. என்னால முடியல."

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தரையைப் பார்த்தார்.

சரி என்று அவள் உள்ளே போனாள். நான்கு புடவை, சான்றிதழ்கள் இருந்த உறை. பை பாதிகூட நிறையவில்லை.

"ஏய், கோவத்துல ஏதோ சொல்றான். அதுக்குன்னு கிளம்பிடுவியா?" அக்கா எழுந்து வந்து பையைப் பிடித்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"இல்ல அண்ணி. அவர் கோவமா சொன்னா இருந்திருப்பேன்." அவள் அலமாரியிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள். "இந்த வெள்ளை மாத்திரை காலையில பாதிதான், முழுசா குடுத்துடாதீங்க. ரத்தம் உறையாம இருக்கறது சாயங்காலம் ஆறு மணிக்கு. நேரம் தவறக் கூடாது. அத்தை போட்டுட்டேன்னு சொல்லுவாங்க... நம்பாதீங்க. நின்னு முழுங்க வைக்கணும். படி ஏறினா மூச்சு வாங்குதுன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுங்க."

அவள் குனிந்து மாமியாரின் காலைத் தொட்டாள்.

"போறேன் அத்தை."

போய்ட்டு வரேன் என்று அவள் சொல்லவில்லை. அது மாமியாரின் காதில் விழுந்தது. கதவுத் தாழ்ப்பாள் விலகும் சத்தமும் விழுந்தது.

"நில்லு!"

மாமியார் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் அத்தை" என்றாள் அவள், கதவருகிலிருந்து. "உங்க உடம்பு..."

"உடம்பு என்னடி உடம்பு... கட்டையில போற உடம்பு! இன்னும் எத்தனை நாள்டி நீ என்னைச் சுமப்ப?" அவர் மகன் பக்கம் திரும்பினார். கண்ணீர் தாடையில் வழிந்தது. துடைக்கவில்லை. "டேய், இங்க பாருடா... அம்மா மூஞ்சியப் பாரு. நல்லாப் பார்த்துக்கோ. இனிமே பார்ப்பியோ மாட்டியோ..."

"என்னம்மா?"

"அன்னைக்கு அவ தூங்கிட்டிருந்தாடா. அவளுக்கு எதுவும் தெரியாது. ரிசீவரை எடுத்து வச்சது நான்."