திறக்கப்படாத கோப்புகள்

கன்னியம்மா கட்டைவிரலைப் புடவையில் தேய்த்துவிட்டு மூன்றாவது முறையாக வைத்தாள்.

"மீண்டும் வைக்கவும்" என்றது ரேகைக்கதவு, தேன் குழைத்த பெண்குரலில். அது ஒன்றும் கோட்டைக் கதவு இல்லை. அவள் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாசல்தான். வெளியே போகவும் ரேகை வேண்டும்.

"சிரிச்சிக்கினே கழுத்தறுக்குறா பாரு இவ."

"அழுத்தாதம்மா. மெதுவா வை" என்றாள் பின்னால் நின்ற மகள் பவானி.

பன்னிரண்டு கட்டடங்களில் தரை துடைத்து, ஆசிட் தின்ற விரல். நாலாவது முறைதான் கதவு மனமிறங்கியது.

நகரத்தில் ஒரு கோடிப் பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் இருப்புக்கோப்பு. எல்லாம் நகர்மூளை என்ற பெரிய சர்வரில் கிடக்கின்றன. விரல் வைத்தால் நகர்மூளை அந்தக் கோப்பைத் திறந்து, "ஆமாம், இப்படி ஒரு ஆள் உண்டு" என்று சொல்லும். பிறகுதான் பஸ் ஏறலாம், அரிசி வாங்கலாம், ஆஸ்பத்திரிக்குள் காலெடுத்து வைக்கலாம். கோப்பு இல்லை என்றால் ஆளே இல்லை.

ஐந்து வருடத்துக்கு முன் நகர்மூளையின் இயங்குதளத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவினார்கள். அதற்குமுன் கோப்புகளையெல்லாம் சேமிப்புப் பேழைக்கு மாற்ற வேண்டும். பேழையில் நாற்பதாயிரம் பேருக்கு இடம் போதவில்லை. முக்கியமானவர்கள் முதலில் என்று, பதவியும் சொத்தும் பார்த்து வரிசைப்படுத்தி, வாலை வெட்டிவிட்டார்கள். வேலையில்லாமல் வீட்டிலிருந்த பவானியின் அப்பா துலுக்காணம் அந்த வாலில் இருந்தார். மூன்றாம் நாள் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக் கதவு அவர் விரலைப் பார்த்து, "அப்படி ஒருவர் இல்லை" என்றது. கன்னியம்மாவின் விரலைப் பார்த்து, "பார்வையாளராக உள்ளே செல்லலாம்" என்றது. யாரைப் பார்ப்பதற்கு? அவர் படியிலேயே செத்துப்போனார்.

அதுபோல முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். நீதிமன்றம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அன்று அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்ட பதினொரு அதிகாரிகள்மீது வழக்கு. முதல் பெயர் சபேசன். தெருவிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய பவானிக்கு நகர்மூளை நிலையத்தில் வேலை கிடைத்தபோது, அவளுக்கு மேலதிகாரியாக உட்கார்ந்திருந்ததும் அதே சபேசன்தான். வழக்கு நடந்துகொண்டிருந்தது, அவர் உத்தியோகமும் நடந்துகொண்டிருந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் துடைத்து நிறுவும் நாள். மறுபடியும் அதே பேழை. மறுபடியும் நாற்பதாயிரம் பேருக்கு இடமில்லை.

"அம்மா பேரு இருக்குமாடி?" பஸ் நிறுத்தத்தில் கன்னியம்மா கேட்டாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

"இல்லன்னா நானே தூக்கி வைப்பேன். வேலை போனா போவுது."

பத்து மணிக்குச் சபேசன் வந்தார். வாசல் காவலாளி ஓடிப்போய்ச் சலாம் வைத்து, தன் மேசையிலிருந்த பொத்தானை அமுக்கிக் கதவைத் திறந்துவிட்டான். சபேசன் விரலை நீட்டி யாரும் பார்த்ததில்லை.

"இந்தத் தடவை யாரும் குத்தம் சொல்ல முடியாதும்மா" என்றார், காபியை உறிஞ்சிக்கொண்டே. "பதவி, சொத்து எதுவும் கிடையாது. போன வருஷத்துல ஒரு கோப்பு எத்தனை தடவை திறக்கப்பட்டிருக்கு, அவ்வளவுதான் கணக்கு. நகரம் யாரை அதிகமாத் தேடுதோ அவங்க முக்கியம். என்ன, உங்க ஏரியா ஆளுங்க பேரெல்லாம் போயிடுமேன்னு பயமா?"

"பட்டியலைப் பார்த்துட்டுச் சொல்றேன் சார்."

"பாரு, பாரு. பார்த்துட்டு இங்க வந்து அழாதே."

பவானி பெயர்களை வரிசைப்படுத்தும் தரம்பிரிப்பானை ஓடவிட்டாள். பட்டியலின் வாலிலிருந்து அம்மாவைத் தேடிக்கொண்டு மேலே போனாள். போய்க்கொண்டே இருந்தாள். உச்சிக்கே போய்விட்டாள். ஒரு கோடிப் பேரில் முதல் பெயர் கன்னியம்மா. முப்பத்தோராயிரம் முறை திறக்கப்பட்ட கோப்பு.

ஒரு கணம் புரியவில்லை. பிறகு சிரிப்பு வந்தது, கசப்பாக. பன்னிரண்டு கட்டடம், போகவர ரேகை, மாடிக்கு மாடி ரேகை, தேய்ந்த விரலுக்காக ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு முறை. யாரை நம்புவதில்லையோ அவர்கள் கோப்பைத்தானே திறந்து திறந்து பார்ப்பார்கள்? படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவரைக்கூட மாதாமாதம் தூக்கி உட்காரவைத்து, உயிரோடு இருக்கிறாரா என்று விரலை அமுக்குகிறார்களே.

அவள் வாலுக்குத் திரும்பினாள். அங்கே மந்திரிகள், ஆலை முதலாளிகள், அதிகாரிகள். சபேசன், பூஜ்யம் முறை.

பட்டியலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

"சார், விட்டுப்போற பேரை ஒருதரம் பார்த்துடுங்க. உங்க பேரு..."

"என் பேரு இல்லாம இந்த ஊர்ல பட்டியலே கிடையாதும்மா. கையெழுத்து எங்க?"

வாய்வரை வந்த மீதி வாக்கியத்தைப் பவானி விழுங்கினாள். அப்பா அந்தப் படியில் கிடந்தது கண்ணுக்குள் வந்தது. விரலால் இடத்தைக் காட்டினாள். அவர் போட்டார்.

பிரதி எடுத்தாள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது என்பதால் அம்மாவின் பிரதியைத் திறந்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். பிறகு பழைய தளத்தைத் துடைத்தாள். நாற்பதாயிரம் பெரிய மனிதர்கள் ஒரு பொத்தானில் போனார்கள். மாலைக்குள் புதிய தளம் ஏறி, எஞ்சியவர்கள் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

திங்கட்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து வாசலில் நின்றாள். கதவு அந்த ஆளைப் பார்த்து "அப்படி ஒருவர் இல்லை" என்று சொல்வதைத் தன் காதால் கேட்க வேண்டும்.

கார் வந்தது. காவலாளி சலாம் வைத்தான். பொத்தான். கதவு திறந்தது.

செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. ஊரில் எந்தப் பெரிய மனிதரும் எந்தக் கதவின் முன்னாலும் நிற்கவில்லை. இருந்தபோது திறக்கப்படாத கோப்பு, இல்லாமல்போனால் மட்டும் யாருக்குத் தெரியும்?

மூன்றாவது வாரம் ஒருவர் தேடினார். நீதிமன்றம். துலுக்காணம் வழக்கின் இறுதி விசாரணைக்குப் பதினொரு பேருக்கும் அழைப்பாணை அனுப்பச் சொன்னது. அழைப்பாணை கோப்பின் வழியாகத்தான் போகும். நகர்மூளை பதினொரு முறை ஒரே பதிலைச் சொன்னது: அப்படி ஒருவர் இல்லை. இல்லாதவர்மீது வழக்கு ஏது? நீதிபதி முடித்துவைத்தார்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது என்பார்களே, அதை அவள் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து வைத்திருந்தாள்.

சபேசன் கூப்பிட்டனுப்பினார். முகத்தில் கோபம் இல்லை. இனிப்புப் பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"முதல்ல பதறிட்டேன். உன்னைச் சஸ்பெண்ட் பண்ணலாம்னுகூட நினைச்சேன். அப்புறம் யோசிச்சா, இவ்வளவு சுகம் இருந்திருக்கு, தெரியாமப் போச்சே! எடுத்துக்கோம்மா."

"சார், அந்தப் பதினொரு பேர் கோப்பை நான் மறுபடி எழுதறேன். எங்கப்பா அந்தப் படியிலதான்..."

"எதை வச்சு எழுதுவே? நான் இருக்கேங்கிறதுக்கு உன்கிட்ட என்ன ஆதாரம்?"

நிஜமாகவே கேட்பவர்போல அவள் முகத்தைப் பார்த்தார்.

"அடுத்த தடவையும் இதே விதிதான். ஆணை போட்டாச்சு. வேணும்னா உன் கோப்பையும் விட்டுடலாமா? கட்டு அவிழ்ந்த மாதிரி இருக்கும்."

"என்னைப் பார்த்து எந்தக் காவலாளி சார் பொத்தானை அமுக்குவான்?"

இனிப்பைத் தொடாமல் வெளியே வந்தாள்.

சாயங்காலம் அடுக்கக வாசலில் கன்னியம்மா நின்றிருந்தாள், கையில் காய்கறிப் பையோடு. விரலைப் புடவையில் தேய்த்தாள், வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"கேஸு என்னாச்சுடி?"

"மெதுவா வைம்மா" என்றாள் பவானி.

நகரத்தின் மிக முக்கியமான மனுஷியைப் பார்த்து, கதவு தேன் குழைத்துச் சொன்னது:

"மீண்டும் வைக்கவும்."