தகரப் பெட்டியில் வெற்றுத் தோல்

ஞாயிறு, காலை 11.10.

பூட்டு உடைபடவில்லை. தகரப் பெட்டிக்குள் இரண்டு தோல் துண்டுகள் இருந்தன. ஒன்றில் வெள்ளி நிற மையில் வாஹித் பாஷாவின் கணிப்பு. மற்றொன்றில் ஒன்றுமே இல்லை.

"அது என்னுது. நான் எழுதினேன்," என்றாள் அஃப்ரோஸ்.

"இன்னாத்துல எழுதினே, தண்ணியிலயா?" என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் செஸ் கிளப் அது. உலக நாக்-அவுட் செஸ் போட்டியின் இறுதிச் சுற்றை யார், எப்படி வெல்வார் என்று முன்கூட்டியே தோலில் எழுதிப் பூட்டுவது அங்கே வழக்கம். இந்த முறை செயலாளர் வாஹித் பாஷா சவால் விட்டிருந்தார். எக்ஸ்போர்ட் ஆபீஸ் அஃப்ரோஸ் ஜெயித்தால் கிளப் அறை பெண்களுக்கும் திறக்கும். தோற்றால் ஒரு பெண்ணும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது.

முதல் ரேங்க்காரர் வெல்வார் என்று அவர் எழுதியிருந்தார். முந்தின நாள் வென்றவன் ஒரு செர்பிய இளைஞன்.

"மெதுவா ஆடற ரெண்டு ஆட்டமும் டிரா, வேக ஆட்டத்துல செர்பியன்னு எழுதினேன் பாய்."

"முடிஞ்ச மேட்ச்சை நான்கூடத்தான் சொல்லுவேன். வாசல் அந்தப் பக்கம்."

பரிசு கொடுக்க வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் சௌந்தர்யா பூங்கொத்தைக் கீழே வைத்தார். வரும் வழியில் தையல் மேசைகளைப் பார்த்திருந்தார். வெட்டிய தோல்களில் நீலக் கோடுகள். முடிந்த ஷூக்களில் கோடே இல்லை.

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட," என்றார் வாஹித் பாஷா.

"பெட்டி?"

"சுஹேல்கிட்ட. ஒருத்தரே ரெண்டையும் வெச்சுக்கக் கூடாது மேடம்."

ஷூக்களைச் சூடேற்றும் மெஷின் பிரிவின் சூப்பர்வைசர் சுஹேல் அகமது முன்னால் வந்தான். அஃப்ரோஸுக்கு நிச்சயிக்கப்பட்டவன்.

"விட்டுடுங்க மேடம். டென்ஷன்ல வெறும் தோலைப் போட்டுட்டா போல. நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"இரு. நீ எந்தப் பேனாவுல எழுதினேம்மா?"

"என் பேனா காஞ்சு போச்சு. இவர்தான் நீலப் பேனா குடுத்தாரு," என்று சுஹேலைக் காட்டினாள்.

சௌந்தர்யா பெட்டியைக் கவிழ்த்தார். அடிப்பக்கப் பெயின்ட் கொப்பளித்திருந்தது. வெற்றுத் தோலைக் கேன்டீன் ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார். கேன்டீன் வாசலில் தன்னோடு வந்த கான்ஸ்டபிளை நிறுத்தினார்.

"ஐஸ்கிரீமா போடறீங்க?" என்றார் வாஹித் பாஷா. யாரும் சிரிக்கவில்லை.

காலை 11.55.

தோல் விறைத்து வந்தது. அதன் மேல் மெல்லிய நீலத்தில் அஃப்ரோஸின் கையெழுத்து: இரண்டு டிரா. வேக ஆட்டம். செர்பியன்.

"நானும் பாய் மேலதான் சந்தேகப்பட்டேன்," என்றார் சௌந்தர்யா. "ஆனா சாவி இருக்கறவரு தோலையே மாத்தியிருப்பாரே, சூடு எதுக்கு? பூட்டைத் தொட முடியாதவனுக்குத்தான் சூடு வேணும். தையலுக்குக் கோடு போடற பேனா இது. சூடு பட்டா மறைஞ்சுடும், அது இங்க எல்லாருக்கும் தெரியும். ஆபீஸ்ல இருக்கற பொண்ணுக்குத் தெரியாது. சுஹேல், நீ பெட்டியை உன் மெஷின் மேல வெச்சே. பாயோட வெள்ளி மை தாங்குச்சு, இவ எழுத்து போச்சு. ஆனா ஜில்லுனு ஆயிட்டா அது திரும்பி வரும். போன வருஷம் ஒரு பேங்க் செக் மோசடி கேஸ்ல நான் கத்துக்கிட்டது."

சுஹேல் அஃப்ரோஸைப் பார்த்துத்தான் பேசினான். "நிக்காஹ் ஆனப்புறமும் இந்த ஆம்பளைங்க நடுவுல வந்து உக்காருவியா? என் தோஸ்துங்க இன்னா பேசறாங்க தெரியுமா?"

"அதை என்கிட்ட கேட்டிருக்கலாம்," என்றாள் அவள். பிறகு திரும்பினாள். "ரூம் சாவி, பாய்."

வாஹித் பாஷா முகத்தை இறுக்கிக்கொண்டு சாவியை மேசையில் எறிந்தார். அவள் அதை எடுத்துக்கொண்டாள். விரலிலிருந்த நிச்சய மோதிரத்தைக் கழற்றித் தகரப் பெட்டிக்குள் போட்டு, மூடி, சுஹேலிடம் தள்ளினாள்.

"இதையும் மெஷின் மேல வெச்சுப் பாரு. மறையுதான்னு."