உடன்காவல்

காலையில் அலுவலகம் புறப்படும்போது பிரகாசி பையில் எடுத்து வைப்பவை எப்போதும் ஒன்றே: மாற்றுப்புடவை ஒன்று, துண்டு, பல்துலக்கி, எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டி, தலைவலித் தைலம். தென்கரைக் கூட்டரசின் உள்துறை அமைச்சகத்தில் ஆணையலுவலராக இருக்கும் எவரும் இப்படி ஒரு பை இல்லாமல் வீட்டுப்படி இறங்குவதில்லை. பெரும்பாலும் மாலையில் திரும்பிவிடுவார்கள். அந்தப் பெரும்பாலும் என்பதை நம்பி வெறுங்கையோடு போய், ஐந்து நாள் ஒரே சட்டையில் கிடந்த ஒருவரின் கதை, புதிதாகச் சேர்வோருக்கு முதல்நாளே சொல்லப்படும். கேட்டவர்கள் சிரிப்பார்கள், மறுநாள் பையோடு வருவார்கள்.

தூத்துக்குடிக் கிளை, அலைமதிலை ஒட்டிய மூன்றடுக்குக் கட்டடம். காவல் நிலையம் என்ற பெயர் பழைய வரைபடங்களில் மட்டுமே எஞ்சியிருந்த காலம் அது. தெருவில் ரோந்து சுற்றுவதும் சண்டையை விலக்குவதும் திருடனைத் துரத்துவதும் காவற்பொறிகளின் வேலை. அவற்றுக்குக் கோபம் வராது, கை நீளாது. எங்கே என்ன நடக்கக்கூடும் என்று கணிப்பது முன்னறி என்னும் கணிப்பியந்திரம். ஆனால் ஒரு மனிதரைப் பிடித்து ஓர் அறைக்குள் வைக்க வேண்டுமானால், பொறியாலும் ஆகாது, முன்னறியாலும் ஆகாது. அமைச்சகத்தின் அலுவலர் ஒருவர் மேசைக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து ஆணையிட வேண்டும். நாட்டின் உள்பாதுகாப்பு முழுவதும் கடைசியில் அந்த உள்ளங்கை அகலத்துக்குள் வந்து நின்றது.

அடுத்த மேசைக்காரன் சிவனணைந்தான், அவள் உட்காருவதற்குள் எழுந்து வந்தான்.

“அக்கா, புறத்தெருக் கோப்பு ஒண்ணு விடியக்கால எனக்கு வந்துச்சு. ஒங்க பக்கம் தள்ளிட்டேன், கோவிச்சுக்கிடாதிய. ரெட்டப் பிள்ளையளுக்கும் காய்ச்சல். நான் இன்னைக்கு உள்ள போனேன்னா எம்பொண்டாட்டி தேடி வந்து வெட்டிருவா.”

“காவல்ல இருக்கவன வெட்டணும்னா அதுக்குத் தனி அனுமதி வாங்கணும். சொல்லி வையி.”

கோப்பில் சிக்கல் ஏதுமில்லை. கித்தேரியான், வயது ஐம்பத்தாறு, அலைமதிலின் பழுதுபார்ப்புப் பணியாளர். மதிலுக்கு வெளியே, கடல் பக்கமாக விடப்பட்ட புறத்தெருவில் வீடு. பௌர்ணமியை ஒட்டிக் கடல் பொங்கும் நாள்களில் மதிலில் மோதித் திரும்பும் தண்ணீர் அந்தத் தெருவுக்குள்தான் புகும். ‘ஒரு நாளைக்கு மதகத் தெறந்து விட்டாத்தான் உள்ள இருக்கவனுக்குப் புரியும்’ என்று அவர் தேநீர்க் கடையில் சொல்லியிருந்தார். மதிலிலுள்ள மதகின் கைச்சக்கரத்தைத் திருப்பத் தெரிந்த மிகச் சிலருள் அவர் ஒருவர். மதகு திறந்தால் முதலில் மூழ்குவது உப்பளச் சாலை மருத்துவமனையின் தரைத்தளம். இன்று மாலை பெருக்கு. அவர் திறக்கப் பத்தில் ஏழு வாய்ப்பு என்றது முன்னறி. பெருக்கு அடங்கும்வரை ஐந்து நாள் காவலில் வைக்கலாமா என்று கேட்டது.

பிரகாசி கண்ணாடியில் கையை வைத்தாள். கொண்டு வந்த தேநீரின் ஆவி அடங்குவதற்குள் அது முடிந்துவிட்டது.

ஏழு மணிக்குக் கித்தேரியானைப் பொறிகள் மரியாதையாக அழைத்து வந்தன. இரண்டு கட்டில், ஒரு குழாய், கடலைப் பார்த்த ஒரு சன்னல். அவர் உள்ளே போனார். பின்னாலேயே பிரகாசி தன் பையுடன் உள்ளே போனாள். கதவு இருவருக்கும் சேர்த்து மூடிக்கொண்டது.

இதுதான் உடன்காவல் சட்டம். ஒருவரைச் சிறைவைக்க ஆணையிடுபவர், அந்தச் சிறை முடியும்வரை, அதே அறையில், அதே சோற்றைத் தின்று உடனிருக்க வேண்டும். சட்டம் வந்த முதலாண்டிலேயே கைதுகள் நூற்றில் ஒன்றாகக் குறைந்தன. நாடு பாழாய்ப் போகும் என்றார்கள், போகவில்லை. வேறொன்றுதான் நடந்தது. வீட்டில் காத்திருக்க ஆளில்லாத அலுவலர்கள் மட்டும் முன்போலவே ஆணையிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்த அறையும் வீடும் ஒன்றாக இருந்தன. அமைச்சகம் இதை ஆராய்ந்து சட்டத்தில் ஒரு திருத்தம் சேர்த்தது: தன்னைத் தேடுவதற்கு வீட்டில் ஓர் உயிராவது உள்ளவரே ஆணையிடலாம், இழப்பில்லாதவர் இட்ட ஆணை செல்லாது.

“சன்னல் பக்கத்துக் கட்டில நீங்க எடுத்துக்கிடுங்க மேடம்,” என்றார் கித்தேரியான். “நான் கடலப் பாத்துப் பாத்துச் சலிச்சவன்.”

“மதகத் திறப்பேன்னு சொன்னியளா, அண்ணாச்சி?”

“சொன்னேன். அதே கடையில போன மாசம் அமைச்சரத் தூக்கிக் கடல்ல போடுவேன்னும் சொன்னேன். அதுக்கு ஒருத்தரும் என்னைத் தேடி வரல. அமைச்சரவிட மதகு ஒசத்தி போல.”

“அமைச்சருக்கு நீச்சல் தெரியும்னு முன்னறிக்குத் தெரிஞ்சிருக்கும்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். “தெறப்பேனான்னு கேட்டா எனக்கே தெரியல. தண்ணி அடுப்புக்குள்ள ஏறும்போது கேளுங்க. அப்ப வர்ற கோவத்துக்கு இப்பவே எப்படிச் சாமீன் குடுக்க? எங்க தெருவுல தண்ணி எறைக்கிற மோட்டார் செத்து மூணு பெருக்கு ஆச்சு. பராமரிப்பு வாரியத்துல சொன்னா, மதிலுக்கு உள்ள இருக்கதுதான் எங்க பொறுப்புங்கான்.”

பம்பு பராமரிப்பு வாரியத்தின் வேலை, உள்துறையினுடையது அன்று என்று பிரகாசி மனத்துக்குள் வகைபிரித்துக்கொண்டாள். வகைபிரித்தது சரிதான். அதன்பின் இருவரும் இட்லி தின்றார்கள், ஊறுகாயைப் பகிர்ந்துகொண்டார்கள், சாளை மீன் எந்த மாதம் கரைக்கு வரும் என்று தர்க்கம் செய்தார்கள். முற்பகல் நன்றாகவே கழிந்தது.

ஒரு மணிக்குச் சுவரில் மணி ஒலித்தது.

சட்டத்தின் மிக வினோதமான விதி அது. காவல் ஆறு மணி நேரத்தைக் கடந்தால், ஆணையிட்டவரின் வீட்டுக்கு அழைப்பு போகும். அந்தப் பேச்சை அறையிலுள்ள இருவரும் கேட்க வேண்டும். தன்னைப் பிடித்து வைத்ததில் பிடித்தவருக்கு என்ன நட்டம் என்பதைப் பிடிபட்டவர் காதால் அறிய வேண்டும் என்பது சட்டத்தின் கருத்து. ‘அவரு ராத்திரி குறட்ட விடுவாரு, நீங்க அந்தப்பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிடுங்க’ என்று கைதியிடம் பரிவோடு சொன்ன மனைவிகள் உண்டு. பிரகாசி அந்த அழைப்பை மறந்திருந்தாள் என்று சொல்ல முடியாது. நினைக்காமல் இருந்தாள்.

“வணக்கம் பிரகாசி,” என்றது சுவர். தெளிவான, இனிய, யாருடையதும் அல்லாத குரல். “வீட்டில் ஒருவரும் இல்லாததால் வீட்டியக்கி பேசுகிறேன். அரிசி ஊறிவிட்டது. மாலையில் வருவதாக இருந்தால், ஒருவருக்கு மட்டும் சோறு வைக்கவா?”

“வேண்டாம்,” என்றாள். அழைப்பு முடிந்தது.

கித்தேரியான் சிரிக்க ஆயத்தமாக வைத்திருந்த முகத்தை மெதுவாக மாற்றிக்கொண்டார். “ஒருத்தருக்கா?”

கணவன் எட்வின் விட்டுப் போய் நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. சண்டை எதுவும் இல்லை. இருவருக்கும் பேச ஒன்றுமில்லை என்பதை இருவரும் ஒரே வாரத்தில் கண்டுகொண்டார்கள்; அவன் கொல்லத்தில் வேலை ஒன்றைத் தேடிக்கொண்டான். அமைச்சகத்துக்கு அவள் தெரிவிக்கவில்லை. இறந்தாரா, மணவிலக்கா என்று மட்டுமே அமைச்சகம் கேட்கும். இரண்டும் இல்லாதபோது எதைச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த நான்கு மாதங்களில் அவள் இருந்த காவல்கள் எல்லாம் ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டதால், இந்த மணி ஒலிக்கவே இல்லை.

“அப்ப நான் கதவத் தட்டி ஒரு வார்த்த சொன்னாப் போதும். வெளிய போயிரலாம். அப்படித்தான?” என்றார் அவர்.

“அப்படித்தான்.”

“ஒங்க வேல போயிருமோ?”

“ஆணையிடற உரிமை போயிரும். மத்தது அவங்க இஷ்டம்.”

அவர் கதவைப் பார்த்தார், பிறகு கட்டிலில் கால்களை மடக்கி உட்கார்ந்தார். “நான் தட்டல. என்னால ஒரு பொம்பளப்பிள்ள சோத்துல மண்ணு விழ வேண்டாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கேன். காலைல எம்பேரப் பாத்ததும் என்ன நெனச்சு யம்மா கைய வச்சிய?”

பதில் சொல்ல வாயெடுத்த பிரகாசி, எதையும் சரியாகச் சொல்லிப் பழகியவள் என்பதால் நிறுத்தினாள். மருத்துவமனையின் தரைத்தளத்தை நினைத்தாள், அது உண்மை. பெருக்கை நினைத்தாள், அதுவும் உண்மை. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. இன்று மாலை பூட்டைத் திறந்து இருட்டுக்குள் கைவிட்டு விளக்கைத் தேட வேண்டாம் என்ற சிறு நிம்மதி. அது மற்ற இரண்டுக்கும் முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா?

அவள் பின்னோக்கிப் பார்த்தாள். அதற்கு முந்தைய ஒன்பதாண்டுப் பணியில் அவள் இட்ட ஆணைகளைவிட இந்த நான்கு மாதங்களில் இட்டவை அதிகம். அங்காடியில் தராசை எறிந்த மீன்காரி. மதில்மேல் ஏறிப் பாடிய மாணவன். தண்ணீர்க்குழாய்ச் சண்டையில் வாளி வீசிய ஆசிரியர். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. முன்பென்றால் ஒவ்வொருவரையும் பேசி அனுப்பியிருப்பாள். மீன்காரியோடு ஐந்து மணி நேரம் பேசிச் சிரித்தாள். மாணவன் சீட்டாட்டம் ஒன்று கற்றுக்கொடுத்தான். தன் கடமையுணர்ச்சி கூடிவிட்டதென்று அவள் அப்போது நினைத்திருந்தாள்.

“தெரியல அண்ணாச்சி,” என்றாள். “தெரியலங்கதுதான் வெவகாரம்.”

எழுந்து போய்க் கதவைத் தட்டினாள். வந்த பொறியிடம், எழுத்துத்தமிழில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: “என் ஆணையைத் திரும்பப் பெறுகிறேன். காரணம், இழப்பில்லை. கடந்த நான்கு மாதங்களில் நான் இட்ட ஆணைகள் எதுவும் செல்லாது. காவலில் இருந்தவர்களுக்கு அமைச்சகம் இதைத் தெரிவிக்க வேண்டும். முதலில் நான் நேரில் போய்ச் சொல்கிறேன்.”

“இப்ப நான் போய் மதகத் தெறந்துட்டா?” என்றார் கித்தேரியான்.

“நீங்க திறந்தது ஒங்க பழி. ஒங்கள விட்டது என் பழி. ஆளுக்கொண்ணு.”

அவர் போன பின் கோப்பு முறைப்படி சிவனணைந்தானுக்கே திரும்பியது. அவன் படிக்கட்டில் அவளை மறித்தான். “என்னக்கா இப்படிச் செஞ்சிட்டிய. சுத்திச்சுத்தி எந்தலையில வந்து நிக்கி. தெறப்பாரா, மாட்டாரா, சொல்லுங்க.”

“நான் சொல்றது இனிமேச் செல்லாதுடா.”

“அலுவலராச் சொல்ல வேண்டாம். அக்காவாச் சொல்லுங்க.”

“அடுப்புக்குள்ள தண்ணி வராட்டாத் திறக்க மாட்டாரு. வந்தாத் தெரியாது.”

சிவனணைந்தான் நகத்தைக் கடித்தான். மேசைக் கண்ணாடியை நினைத்தானோ, காய்ச்சலில் கிடக்கும் இரண்டு நெற்றிகளை நினைத்தானோ, “தண்ணி ஏன் வரணும்?” என்றான்.

ஆறு மணி நேரம் அந்த மனிதரோடு ஒரே அறையில் இருந்தும் பிரகாசிக்குத் தோன்றாத கேள்வி அது. உள்ளே போவதற்கு அஞ்சுகிறவன்தான் வெளியே வழி தேடுவான் என்பதைச் சட்டம் வகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள் போலும். அவன் வாரியத்தோடு பேசி நேரத்தை வீணாக்கவில்லை. உப்பள முதலாளிகளிடம் கெஞ்சினான். பாத்திகளுக்குக் கடல்நீர் இறைக்கும் இரண்டு பம்புகள் மூன்று மணிக்கெல்லாம் லாரியில் ஏறிப் புறத்தெருவுக்குப் போய்விட்டன. கண்ணாடியில் அவன் கை படவே இல்லை.

மாலையில் பிரகாசியும் அங்கே போனாள். ஆணையிட்டுப் போகவில்லை, போக வேறு இடம் தெரியவில்லை. கடல் பொங்கி மதிலில் மோதித் தெருவுக்குள் திரும்பியது. பம்புகள் இரைந்தன. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது, முழங்காலுக்குப் பாதி ஏறியது, அங்கேயே நின்று வாசற்படிகளை நக்கியது. கித்தேரியான் குழாயின் வாயைத் தோளில் சுமந்துகொண்டு யாரையோ வைதுகொண்டிருந்தார். மதகு மூடியே இருந்தது. பம்பு வந்ததால் மூடியிருந்ததா, எப்படியும் மூடித்தான் இருந்திருக்குமா என்பதை இனி முன்னறியாலும் சொல்ல முடியாது.

நாளை அந்த மாணவனின் வீட்டில் தொடங்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“இருட்டப் போகுதே. ஒங்கள வீட்ல தேட மாட்டாகளா?”

“மாட்டாங்க,” என்றாள் பிரகாசி. அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல்முறை.

“அப்ப நல்லதாப் போச்சு,” என்றாள் அந்தப் பெண். “இந்த வாளியப் பிடிங்க.”