மூன்றாவது தொட்டி

செவ்வாய்க் கிரகத்துக் குடைவில் கல்யாணமானவர்களுக்கு அனுமதி அலுவலகம் ஒரு மண்தொட்டியும் இருபது கொத்தமல்லி விதையும் கொடுக்கும். நாற்பதாம் நாள் பச்சை இலையோடு செடியைக் காட்டினால் ஒரு பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். செடி வாடினாலும் பூத்தாலும் கிடையாது. ஆயுளுக்கு மூன்று தொட்டிதான். இளவேனிலும் அவள் கணவன் சேந்தனும் மூன்றாவது தொட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கியபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

தரைக்கடியில் காற்றையும் நீரையும் அளந்து வாழ்கிற இடத்தில் பொறுமை இல்லாதவர் கையில் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது என்று முன்னோர்கள் நினைத்தார்கள். பொறுமையைச் சோதிக்கக் கொத்தமல்லியைவிட வீம்பு பிடித்த செடி அவர்களுக்கு அகப்படவில்லை. விதையைத் தேய்த்து இரண்டாகப் பிளக்க வேண்டும், நொறுங்கிவிடக் கூடாது. பத்து நாள் தலையே காட்டாது. பிடுங்கி நட்டால் செத்துப்போகும். சூடோ வெளிச்சமோ கூடினால் இலையை விட்டுவிட்டுப் பூக்க ஓடும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று அலுவலக வாசலில் எழுதியிருந்தது. பூமி கைவிட்டுப் போய் நூறு வருஷமாகியும் பழமொழியை மட்டும் இவர்கள் விடவில்லை.

முதல் தொட்டியை இளவேனில்தான் கெடுத்தாள். முளைத்ததா என்று தினமும் விரலால் கிளறிப் பார்த்தாள். இரண்டாவதற்கு இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் தண்ணீர் ஊற்றி வேரை அழுகவைத்தார்கள். அன்றைக்கு அவள் அழுத அழுகையைச் சேந்தன் இன்னும் மறக்கவில்லை. இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பதினோராம் நாள் விதைத்தோலைத் தலையில் சுமந்தபடி முளைகள் வந்தன. அன்றே அவள் மனதுக்குள் ஒரு பெயர் வைத்துவிட்டாள். இருபதாம் நாள் செடி நான்கு விரல் உயரம் இருந்தது.

எதிர்வீட்டு மரகதத்துக்கும் அதே நாளில்தான் தொட்டி கிடைத்திருந்தது. ஒருநாள் அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே செடி ஒரு சாண் நின்றது.

“அவங்க வீட்டுச் செடியைப் பாருங்க. நம்மது மட்டும் ஏன் இப்படிச் சவலையா நிக்குது?”

“நல்லாத்தான் இருக்கு, வேனி. அதுபாட்டுக்கு வளரட்டும், விடு.”

அவள் விடவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சேந்தன் வேலைக்குப் போன பிறகு, செடிக்கு மேலே தொங்கிய ஒளித்தட்டைப் பத்து மணி நேரத்திலிருந்து பதினெட்டுக்குத் திருப்பினாள். ஒரே வாரத்தில் செடி ஒன்றரைச் சாண் ஆனது. இலை ஏன் நூலாக மெலிகிறது என்று சேந்தன் கேட்டான். வளர்கிற பிள்ளை ஒல்லியாகத்தான் இருக்கும் என்றாள். அன்று தன் வீட்டுக் கதவையும் திறந்தே வைத்தாள். மரகதம் பார்க்க வேண்டுமே.

முப்பத்தாறாம் நாள் காலை, உச்சியில் வெள்ளைப் பூ. கிள்ளி எறிந்தாள். மறுநாள் நான்கு பூத்திருந்தன.

நாற்பதாம் நாள் ஆய்வி வந்தது. அது அலுவலகத்து இயந்திரம். பொய்யும் சொல்லாது, ஆறுதலும் சொல்லாது. கிள்ளிய தழும்புகளைத் தடவிப் பார்த்தது, ஒளித்தட்டின் நினைவகத்தைப் படித்தது, அனுமதி இல்லை என்றது. இளவேனிலுக்கு, வைத்த பெயரைச் சொல்லி இனி யாரைக் கூப்பிடுவது என்றுதான் முதலில் தோன்றியது.

“எதிர்வீட்டுச் செடி அவ்வளவு உயரமா இருந்துச்சே. அதனாலதான்...”

“அங்கிருந்துதான் வருகிறேன்,” என்றது ஆய்வி. “அதுவும் பூத்துவிட்டது. வெளிச்சத்தை ஏன் கூட்டினீர்கள் என்று கேட்டேன். உங்கள் கதவு திறந்திருந்ததாம்.”

சேந்தன் காலித் தொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அதற்குப் பதில் அவன் திட்டியிருக்கலாம்.

குடைவில் கடைசியாகப் பிள்ளை பிறந்து பதினாறு வருஷம் ஆகிறது. பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தை அடுத்த மாதம் திறந்தார்கள். வேலையற்றிருந்த வாத்தியார்கள் வாசலில் புதுப் பலகை மாட்டியிருந்தார்கள்: ‘மல்லி வகுப்பு. இருபதே நாளில் இரண்டு சாண்.’ இளம் தம்பதிகள் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் கண்ணும் முன்னால் நிற்பவர் தொட்டியில் இருந்தது. அந்த வழியாக வந்த இளவேனில் அவர்களைத் திட்டி வீட்டுக்கு அனுப்ப வாயெடுத்தாள். அதற்குள் அவள் கண் தானாகத் தேடிவிட்டது, வரிசையில் யார் செடி உயரம் என்று.