ஆறாத சுவர்

ஓவனிலிருந்து எடுத்து அரைநாள் ஆகியும் பின்சுவர் மட்டும் ஆறவில்லை.

மற்ற மூன்று சுவர்களும், கூரைக்கான இரண்டு பலகைகளும் ஓடுபோல விறைத்து மேசைமேல் கிடந்தன. பின்சுவரைத் தொட்டால் காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டதுபோல இருந்தது. கேக்கம்மா கையை எடுத்துத் துணியில் துடைத்துக்கொண்டாள். தெருவில் எல்லோருக்கும் அவள் கேக்கம்மாதான். ஆண்டுக் கடைசி விடுமுறை வந்தால் இஞ்சி பிஸ்கட்டில் பொம்மை வீடுகள் செய்து விற்பாள். இத்தனை வருடத்தில் சூடு ஆற மறுத்த பிஸ்கட்டை அவள் பார்த்ததில்லை.

"ஓவன் பக்கத்துலயே வச்சா எப்படி ஆறும்?" என்றார் கணவர், வேலைக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"ஜன்னலோரமாத்தாங்க வச்சிருக்கேன். தொட்டுப் பாருங்க."

தொட்டார். எதற்கும் கையில் ஒரு கேலி வைத்திருக்கிற மனிதர், விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"அந்த லாரிக்காரர் வீடா இது?"

"ஆமாங்க."

"இந்த வேலைய நீ ஒத்துக்கிட்டிருக்க வேணாம்." சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வாள்? லாரிக்காரர் வெளியூருக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்தபோது வீடு தீப்பிடித்தது. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் உள்ளேயே போய்விட்டார்கள். அவர் திரும்பி வந்தபோது கரியும் தேங்கிய தண்ணீரும்தான் மிச்சம். போன வாரம் வந்து, இதே மேசையில் உட்கார்ந்து, ஓர் அட்டையில் பென்சிலால் வீட்டை வரைந்து காட்டினார்.

"போட்டோகூட ஒண்ணும் மிஞ்சலம்மா. சின்னவ பிஸ்கட் வீடு வேணும்னு கேட்டுட்டே இருந்தா. நம்ம வீடு மாதிரியே இருக்கணும்னு சொன்னா."

கணவர் கிளம்பிப் போன அன்று, வானம் மூடிக் கறுத்திருந்த மாலையில் அவள் சுவர்களை நிறுத்தத் தொடங்கினாள். கூம்பில் நிரப்பிய ஐசிங்கை மூலைகளில் பிழிந்து, ஒட்டுப் பிடிக்கும்வரை இரு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தபோது, பட்டையும் கிராம்பும் கலந்த பழகிய மணத்துக்கு அடியிலிருந்து வேறொன்று கசிந்து வந்தது. முதலில் நனைந்த கரியின் வாடை, பிறகு முடி பொசுங்கும் வாடை, அதற்கும் அடியில், மூச்சை இழுத்துத் தேடினால் மட்டும் கிடைக்கும் அளவுக்கு லேசாக, குளித்துவிட்டு வந்த குழந்தையின் பவுடர் வாசனை. ஓவனைத் திறந்து பார்த்தாள். காலியாக, குளிர்ந்து கிடந்தது.

பின்சுவரில், ஜன்னலுக்குக் கீழே, கோணலாக ஒரு விரிசல். ஐசிங்கால் அடைத்தாள். வழுக்கி வெளியே வந்தது. மறுபடி அடைத்தாள். மறுபடி வந்தது. அது கிடக்கட்டும் என்று கூரையை ஏற்றினாள். கூரையின் ஐசிங் மட்டும், வைத்த கையை எடுப்பதற்குள் கல்லாக இறுகிவிட்டது.

சர்க்கரையைக் காய்ச்சி ஊற்றிச் செய்த ஜன்னல் கண்ணாடிகள் மங்கத் தொடங்கின. துணியால் துடைத்தாள். போகவில்லை. மங்கல் உள்பக்கம் இருந்தது. கொஞ்சம் விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

யாரோ மூச்சு விடுகிறார்கள்.

நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பிஸ்கட்டைச் சுரண்டும் சத்தம். நகத்தால். ரொம்பச் சின்ன நகம்.

வாசல் மணி அடித்தது. லாரிக்காரர் மழையில் நனைந்த தலையோடு நின்றார். அவள் வாய் திறப்பதற்குள் மேசையருகே போய், வீட்டைச் சுற்றி வந்து, பின்பக்கம் நின்றுவிட்டார்.

"இந்த விரிசல் நான் வரைஞ்சதுல இல்லையேம்மா."

"தானா விட்டுச்சுண்ணா."

"பெரியவ பொறந்த வருஷம் விட்ட விரிசல். எத்தனையோ தடவ பூசிப் பார்த்தோம். நிக்கவே இல்ல."

"அண்ணா, இது வேணாம். எனக்குப் பயமா இருக்கு. உடைச்சிடலாம்."

அவர் சுவரருகே குனிந்தார். தலையைச் சாய்த்துச் சுரண்டலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சின்னவதான்," என்றார். "தூக்கம் வரலன்னா சுவத்த இப்படித்தான் சொரண்டிட்டே படுத்திருப்பா."

அவள் கூரையைப் பற்றி இழுத்தாள். அசையவில்லை. கூரையும் இப்போது கொதித்தது; உள்ளங்கை பொரிந்தது. மாவு உருட்டும் கட்டையை ஓங்கினாள். அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். கோபமாகப் பிடிக்கவில்லை. கெஞ்சுகிற பிடி.

"அடிச்சிடாதீங்கம்மா. உள்ள இருக்காங்க."

அதற்கப்புறம் அவளால் அடிக்க முடியவில்லை. கட்டை தானாகக் கீழே இறங்கியது.

அவர் மேசைமுன் மண்டியிட்டார். கன்னத்தை விரிசலுக்கு மேலிருந்த ஜன்னலில் வைத்தார். சுர்ரென்றது. அவர் துடிக்கவில்லை. சர்க்கரை இளகிக் கன்னத்தோடு இழைந்தது. சதை பொசுங்கும் வாடை. அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பாறையை இழுப்பதுபோல.

"அப்பா வந்துட்டேன்டா கண்ணு," என்றார். பல நாள் தூங்காத ஆள் தலையணையில் சாய்ந்ததுபோல அந்த முகம் தளர்ந்தது.

சுரண்டல் நின்றது.

இளகிய ஜன்னல் வழியே கடுகளவு விரல்கள் வந்து அவர் கன்னத்தைத் தடவின. கரிந்த விரல்கள். பக்கத்திலேயே இன்னொரு கை. பிறகு, வளையல் கருகி ஒட்டிய மூன்றாவது கை, கொஞ்சம் பெரியது, அவருடைய காதோரத்து முடியைப் பற்றி மெல்ல உள்ளே இழுத்தது.

இழுத்த பக்கம் அவர் தலையைக் கொடுத்தார்.