நாலு மணி அறிவிப்பு

கோடை விழாவின் பன்னிரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு ஏரிக்கரை அறிவிப்பு அறையின் பூட்டைத் திறந்தபோது, மைக் அக்காவுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. ஒரு நாள் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இருக்க வேண்டும்.

அந்த அறை ஒரு காலத்தில் படகுச் சீட்டுக் கொடுக்கும் இடமாக இருந்தது. பலகைச் சுவர், ஏரியைப் பார்த்த ஒரே ஜன்னல், எத்தனை வெயில் அடித்தாலும் போகாத ஈர வாடை. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், ஒரு நோட்டு. கூரை மேல் ஒரு ஒலிபெருக்கி. அதைப் போல இன்னும் பதினைந்து, பூங்காவிலிருந்து கடைத்தெரு வழியாக மேட்டுத் தெருவில் அவள் வீடு வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்தார்கள். ஊர் முழுக்க அவள் குரல்தான் கேட்கும், அதனால் ஊருக்கு அவள் மைக் அக்கா. ஊருக்கெல்லாம் கோடை விடுமுறை, மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் கோடையில்தான் வேலை. நகராட்சியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவளை, குரல் நன்றாக இருக்கிறது என்று ஐந்து வருடத்துக்கு முன்னால் இங்கே உட்கார வைத்தார்கள். நல்ல குரலோடு பிறந்த பாவம்.

மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி, படகுப் போட்டி, ஓவியப் போட்டி எல்லாவற்றையும் அவள்தான் சொல்ல வேண்டும். ஆனால் பாதி நேரம் போவது காணாமல் போன குழந்தைகளிடம்தான். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது குழந்தைகள். பெரியவர்கள் ஏரியைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். எடுத்து முடித்துத் திரும்பினால் பிள்ளை இருக்காது. வயது, உடை, அடையாளம் மட்டும்தான் மைக்கில் சொல்வாள். பெயரைச் சொன்னால் கண்டவனும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவான். அதனால் பெயர் சொல்வதில்லை.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அப்படித்தான் வளர்ந்துகொண்டிருந்தாள் அவளுடைய ஏழு வயது மகள். சேட்டைக்காக வீட்டில் வைத்த பெயர் வாலு. அக்கா கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். ஜீப் ஓட்டும் கணவன்தான் அவளை எழுப்பி, கையில் கிடைத்த துணியை மாட்டி, மதியம் சவாரிக்கு நடுவே பூங்காவில் இறக்கிவிட்டுப் போவான். ஓவியக் கொட்டகை, ஊஞ்சல், குதிரை லாயம் என்று அவள் சுற்றுவாள். அக்கா அவளைச் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் பார்ப்பது ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான்.

மலையில் நாலு மணிக்கு மூடுபனி இறங்கும். ஏரி முதலில் மறையும், பிறகு படகுகள், பிறகு கரை.

அன்றைக்குப் பனி ஜன்னலைத் தொட்டபோது வெளியே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சாம்பல் நிறச் சால்வை தலையை மூடியிருந்தது. அவள் பேசியது காய்ந்த சருகை மிதித்த மாதிரி இருந்தது.

“என் பொண்ணைக் காணோம்.”

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. வயது கேட்டாள், ஏழு. உடை கேட்டாள், பச்சை ஸ்வெட்டர், பொத்தான் எல்லாம் வெள்ளை, ஒன்று மட்டும் பழுப்பு. எழுதிக்கொண்டு மைக்கைத் திறந்தாள். அந்த நேரத்துக்கு வார்த்தைகள் மூளைக்குப் போகாமல் நேராக வாய்க்கே வந்துவிடும்.

“ஏழு வயதுப் பெண் குழந்தை. பச்சை ஸ்வெட்டர், ஒரு பொத்தான் மட்டும் பழுப்பு. எங்கிருந்தாலும் ஏரிக்கரைக்கு வரவும். உன் அம்மா இங்கே காத்திருக்கிறார்.”

எந்தக் குழந்தையும் வரவில்லை. பனி விலகியபோது ஜன்னலில் அந்தப் பெண்ணும் இல்லை. கிடைத்திருக்கும், போயிருப்பாள், நன்றி சொல்ல யாருக்கு நேரம் இருக்கிறது என்று அக்கா நோட்டை மூடினாள். தொண்டையில் ஒரு அரிப்பு. வெந்நீர் குடித்தாள்.

மறுநாள் மதியம் வாலு ஓடி வந்து ஜன்னலில் தொங்கினாள். பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அறுந்துபோன பொத்தானுக்குப் பதிலாக அப்பா காலையில் தன் பழைய சட்டையிலிருந்து பிய்த்துப் பழுப்புப் பொத்தான் தைத்துக் கொடுத்தாராம். இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அக்காவுக்குத் தோன்றியது. அதற்குள் யாரோ ஒருவர் மாமியாரைக் காணோம் என்று வந்து நின்றார்.

நாலு மணிக்குப் பனி வந்தது. சால்வையும் வந்தது.

நேற்றுக் காணாமல் போன பெண் கிடைத்தாளா என்று அக்கா கேட்டாள். இன்னும் வரவில்லை என்றாள் அவள். பிள்ளையைத் தொலைத்தவளின் பதற்றம் கொஞ்சமும் இல்லை. பேருந்துக்கு நிற்பவள் போல நின்றாள். குரல் மட்டும் நேற்றைவிடத் தெளிந்திருந்தது. ஏழு வயது, மஞ்சள் கவுன், வலது முழங்காலில் கட்டு என்றாள்.

நேற்றுப் பச்சை ஸ்வெட்டர் என்றாயே என்று கேட்க அக்காவுக்குத் தெம்பில்லை. கேட்டால் ஒரு கதை வரும், அதையும் கேட்க வேண்டும். மைக்கைத் திறந்து சொன்னாள். சொல்லி முடிக்கும்போது கடைசி இரண்டு வார்த்தை வெறும் காற்றாக வந்தது.

மூன்றாம் நாள் பன்னிரண்டரைக்கு ஊஞ்சல்காரர் வாலுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். விழுந்துவிட்டாளாம். முதலுதவிக் கொட்டகையில் மருந்து போட்டு அனுப்பியிருந்தார்கள். மஞ்சள் கவுன். வலது முழங்காலில் வெள்ளைக் கட்டு.

அக்கா நோட்டைப் புரட்டினாள். அவள் கையெழுத்துதான்.

முந்தின நாளே எழுதியது.

மகளை மேசைக்கு அடியில் உட்கார வைத்துக் கதவைத் தாழிட்டாள். மூன்றரை மணி, மூன்றே முக்கால். ஏரியில் மிதிபடகுகளின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. பனி ஜன்னல் விளிம்பில் கை வைத்தது.

“ஏழு வயசு. சிவப்பு மழைக்கோட்டு. ஒரு கால்ல மட்டும் ஷூ. தலை ஈரமா இருக்கும்.”

அக்கா மைக்கைத் தொடவில்லை. முடியாது என்று தலையாட்டினாள். இந்த அறிவிப்பைச் செய்ய மாட்டேன், போய்விடு என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

சால்வைக்குள் முகம் தெரியவில்லை. ஆனால் பதில் வந்தது. கரகரப்பே இல்லாத, மணி அடித்தாற்போன்ற குரலில் வந்தது. பதினான்கு நாளாக ஊர் கேட்ட குரல்.

“பரவால்ல. நானே சொல்லிக்கிறேன்.”

அக்கா கத்த வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

சால்வை பனிக்குள் மறைந்தபோது, சத்தம் கேட்டு வந்தவர் போல ஏரிக்கரைக் காவலாளி கதவைத் தட்டினார். உண்மையில் டீ கொண்டுவந்திருந்தார். பேயறைந்த மாதிரி இருக்கிறாயே என்று விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் நோட்டில் எழுதிக் காட்டியதைப் படித்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் படகுப் போட்டியில் ஒரு சின்னப் பெண் ஏரியில் போய்விட்டாளாம். அவளுடைய அம்மா மூன்று நாள் கரையில் நின்று கூப்பிட்டாளாம். நாலாம் நாள் தொண்டை போய்விட்டது.

“குரல் இருந்தா புள்ள வந்துருவான்னு எழுதிக் காட்டினா, தங்கச்சி. அதுக்கப்புறம் அவளையும் யாரும் பாக்கல.”

வீட்டில் கணவன் எல்லாவற்றையும் வாசித்தான். தலையில் கை வைத்துக்கொண்டான். நாள் முழுக்கக் கத்தினால் தொண்டை கட்டத்தான் செய்யும், தூக்கம் இல்லையென்றால் கண்டது தோன்றத்தான் செய்யும் என்றான். நாளைக்கு லீவு போடு, அறையைப் பூட்டி வை, ஊர் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. அவனும் பதினான்கு நாளாக மலைப்பாதையில் ஏறி இறங்கியவன். பேசிக்கொண்டே தூங்கிவிட்டான்.

நாலாம் நாள் அக்கா வீட்டை விட்டு அசையவில்லை. அறைச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. வாலுவிடம் சிவப்பில் மழைக்கோட்டே கிடையாது என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. மதியம் கணவன் சாப்பிட வந்தான். மழை தூறுகிறது, கடைத்தெருவில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பொட்டலத்தை மகளிடம் நீட்டினான். பிள்ளை இரண்டு நாளாக முகம் வாடிக் கிடக்கிறதே என்று ஆசையாக வாங்கி வந்திருந்தான்.

சிவப்பு. அக்கா அதைப் பிடுங்கி பீரோ மேல் எறிந்தாள். சண்டை போடவும் அவளுக்குக் குரல் இல்லை. நிறம் பற்றி எழுதியதெல்லாம் அவன் நினைவில் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஜீப்பில் ஆட்கள் காத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிப் போனான்.

நாலு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே தெரு மறைந்தது.

கம்பத்து ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது.

“ஏழு வயதுப் பெண் குழந்தை. சிவப்பு மழைக்கோட்டு...”

அவள் குரலேதான். நிறுத்தும் இடம், மூச்சு வாங்கும் இடம் எல்லாம் அவளுடையது. தன் குரல் இத்தனை அன்பாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் மகளிடம் அவள் அப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று.

படம் வரைந்துகொண்டிருந்த வாலு பென்சிலைக் கீழே வைத்தாள்.

“அம்மா கூப்பிடுறாங்க.”

நான்தான் இங்கே இருக்கிறேனே என்று அக்கா நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். மகள் அவளைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியைப் பார்ப்பது போல, மரியாதையாகப் பார்த்தாள். அக்கா ஜன்னலைச் சாத்த ஓடினாள். கொக்கி மாட்டித் திரும்புவதற்குள் நாற்காலி பீரோ பக்கத்தில் கிடந்தது. கதவு திறந்து கிடந்தது.

இறக்கத்தில் ஓடினாள். பனிக்குள் பத்தடி தூரத்தில் சிவப்பு தெரியும், மறையும். கம்பத்துக்குக் கம்பம் அவள் குரல் குழந்தையைக் கைமாற்றி அழைத்துக்கொண்டு போனது. நில் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை இல்லை. கடைத்தெருவில் மனிதர்கள் குடைகளோடு ஒதுங்கி நின்றார்கள். இருவரையும் பார்த்து, அம்மாவும் பெண்ணும் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள் என்று சிரித்தார்கள்.

படித்துறையில் ஒரு ஷூ கிடந்தது.

வாலு இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். அவள் தலை முழுக்க நனைந்திருந்தது. இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

அக்கா தண்ணீரில் பாய்ந்து அவளை வாரிக்கொண்டாள். வாலு அடித்தாள், கையைக் கடித்தாள். என்னை விடு, யார் நீ, என் அம்மா கூப்பிடுறாங்க என்று அலறினாள். கரையில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் அக்காவின் தோளைப் பிடித்து இழுத்தார். குழந்தைதான் தெரியாது என்கிறதே, நீ யார், சொல்லு என்றார். சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது? மகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். காவலாளி வந்து, யோவ், இது அவங்க பெத்த புள்ளைய்யா என்று அதட்டிய பிறகுதான் அந்தக் கை விலகியது.

அறிவிப்பு அறை பூட்டியபடியே இருந்தது. காவலாளி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேசைக்கு முன் யாரும் இல்லை.

பனி விலகியதும் ஒலிபெருக்கி பாதி வாக்கியத்தில் நின்றது. வாலு சட்டென்று மிரண்டு விழித்தாள். குளிர்கிறது அம்மா என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அக்கா சத்தமே இல்லாமல் அழுதாள்.

சீசன் முடிந்தது. கம்பங்களிலிருந்து ஒலிபெருக்கிகளைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மருத்துவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, குரல் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை என்றார். அக்கா தட்டச்சு வேலைக்கே திரும்பிப் போனாள். வீட்டில் கை தட்டினால் வாலு வந்துவிடுவாள். அதை இருவரும் ஒரு விளையாட்டாகப் பழகிக்கொண்டார்கள். நாலு மணிக்கு முன்னால் வந்து ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அக்காவே சாத்துவாள். கணவன் இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

பள்ளிக்கூடம் திறந்த வாரம், ஒரு சாயங்காலம், வாலு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வெளியே பனி. கம்பத்தில் ஒன்றும் இல்லை, வெறும் கம்பிதான். வாலு எழுதுவதை நிறுத்தித் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

அக்கா எழுந்து கதவுக்கு முன்னால் போய் நின்றாள். வாலு சிரித்தாள்.

“பயப்படாதம்மா. இன்னைக்கு என்னைக் கூப்பிடல. உன்னைத்தான்.”

என்ன என்று அக்கா கையை அசைத்தாள். வாலு முதுகை நிமிர்த்திக்கொண்டு, மைக்கில் பேசுவது போல ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

“முப்பத்திரண்டு வயதுப் பெண். நீலச் சால்வை. காலில் செருப்பு இல்லை. பேச்சு வராது. பார்த்தவர்கள் ஏரிக்கரைக்கு அழைத்து வரவும்.”

பென்சிலை எடுத்தாள். எதையோ மறந்துவிட்டது போல மறுபடி நிமிர்ந்தாள்.

“உங்கள் மகள் இங்கே காத்திருக்கிறாள்.”