வெளியிடாத பக்கம்

யாருக்கும் இன்னும் காட்டாத பக்கத்தில் யாரோ விரல் வைத்திருந்தார்கள்.

மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம். மகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கணவன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான். கோடிப் பேர் வந்துபோகும் இணையக் கடைத்தளம் ஒன்றுக்குப் புது முகப்புப் பக்கம் வரைந்துகொண்டிருந்தவள், ஈரத் துணி வாடையும் ஃபேனின் கிறீச்சொலியும் கலந்த கூடத்தில், காபி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தளத்துக்கு வருகிறவர்களின் விரல் எங்கே பட்டாலும் சிவப்பாகப் பதிந்து, தயங்கி நின்ற இடத்தை அடர்த்தியாகக் காட்டும் கருவி அதில் ஓடிக்கொண்டிருந்தது. புதுப் பக்கத்தில் அவள் இன்னும் ஒரு பொத்தான்கூட வைக்கவில்லை. ஆனாலும் கீழோரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

ஆபீஸில் சர்வர் பார்த்துக்கொள்ளும் அண்ணாவை போனில் கூப்பிட்டாள். பழைய சோதனைத் தடமாக இருக்கும் என்று முதலில் சிரித்தவர், எதையோ தட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நீ இன்னும் எங்களுக்கு அனுப்பவே இல்லையேம்மா. அது உன் மெஷின்ல மட்டும்தான் இருக்கு. வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களா?”

“பாப்பா மட்டும்தான்ணா. தூங்குறா.”

மழை இரைச்சலில் போன் இணைப்பு அறுந்துபோனது.

புள்ளி நகர்ந்தது. அவசரமே இல்லாமல், இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகிறவரைப் போல, மேலே ஏறி, இடப்பக்கம் ஒடிந்து, நீளமாகக் கோடிழுத்து, மறுபடி திரும்பியது. அந்தத் திருப்பம் அவளுக்குப் பழக்கமானது. வாசல். செருப்பு அலமாரி. கூடம். சமையலறை முனை. தினமும் அவள் நடக்கிற வழி.

கோடு உள்ளறையில் நின்றது. நின்ற இடம் சிவந்தது. இன்னும் சிவந்தது.

கட்டிலோரம்.

எழுந்திருக்கப் பார்த்தாள். கண் திரையை விட்டு வரவில்லை.

தடித்த கோட்டின் பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. மெல்லியது. இரண்டும் ஒன்றாக, வந்த வழியே திரும்பின. கூடத்தைக் கடந்தன. அவள் முதுகுக்குப் பின்னால். பிடரியில் ஈரக் காற்று பட்டது.

ஓடினாள். கட்டில் காலி. போர்வையில் இன்னும் சூடு இருந்தது.

வாசலுக்கு ஓடிவந்தாள். தாழ்ப்பாள் உள்ளே போட்டது போட்டபடி இருந்தது.

கதவுக்கு அப்பால் யாரோ படியிறங்கும் சத்தம். மகளின் குரல், தூக்கக் கலக்கத்தோடு.

“அம்மா, எங்க போறோம்?”

“சும்மா, கீழ வரைக்கும்டா கண்ணு.”

பதில் சொன்னது அவளுடைய குரல்தான். அவள் வாயைத் திறக்கவே இல்லை.